வயநாட்டு மலையிலிருந்து இறங்கிய பையன்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது நான் ஆலையில், மில் ஹவுஸ் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். கட்டுரை ஒன்று வேண்டும், ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையாக இருந்தால் நல்லது என்றார் எங்கள் செட் நண்பர். விஸ்வேசுவரய்யாவைப் பற்றியும் கலாமைப் பற்றியும் எழுத ஏற்கெனவே ஆள் வந்தாச்சு, நீ வேற யாரையாவது பிடி என்றும் சொல்லி வைத்துவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து யோசித்துப் பார்த்தால், என் நினைவுக்கு வந்தவர் இஞ்சினியரே இல்லை! கோழி முட்டையை உடைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானி. பெயர் கான்ராட் ஹால் வாடிங்டன்.

என்னடா இது, மெக்கானிக்கல் படிச்சவன் கருவியல் பேச வந்துட்டானேன்னு நினைக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த மனிதருக்கும் நம்ம தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு. நம்ம கல்லூரி மாடியிலிருந்து மேற்கே தெரியுமே கல்வராயன் மலை, அதற்கும்கூட ஒரு விதத்தில் சம்பந்தம் உண்டு.

தேயிலைத் தோட்டத்துக் குழந்தை

வாடிங்டன் பிறந்தது இங்கிலாந்தில், ஈவ்ஷாம் என்ற சிற்றூரில், 1905 நவம்பர் 8-ந் தேதி. ஆனால் குழந்தைப் பருவம் கழிந்தது வயநாட்டில். அப்பாவுக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை. வயநாடு அன்றைக்கு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவரும் நம்ம ராஜதானியில் நடை பழகியவர்தான்.

நாலு வயசில், 1910-ல், பையனை இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் வளர அனுப்பிவிட்டார்கள். தோட்டத் துரைமார் குடும்பங்களில் அது அன்றைய வழக்கம். அப்பாவும் அம்மாவும் இந்தியாவிலேயே இருந்தார்கள். எத்தனை நாள் தெரியுமா? 1928 வரை. அதாவது பையனுக்கு இருபத்திரண்டு வயசு ஆகி, கல்யாணமும் ஆன பிறகுதான் பெற்றோர் ஊர் திரும்பினார்கள். நடுவில் அவரை வளர்த்தது குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த பாட்டியும் மற்ற உறவினர்களும். தூரத்து உறவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். பையன் அவரைத் தாத்தா என்றே கூப்பிடுவான். இரசாயனம், புவியியல் என்று சகல விஞ்ஞானத்தையும் முதலில் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஹாஸ்டல் அறை ஞாபகம் வந்தது. என் அறைத் தோழன் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊர்க்காரன். ஆறு வயசில் மலையிலிருந்து இறக்கி உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனார்களாம். அப்பா அம்மா மேலே சாமையும் மரவள்ளியும் போட்டு, கடுக்காய் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். சாயந்திரம் ஆனால் அவன் மாடியில் போய் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னடா பார்க்கிறே என்று கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சுருள் ஓட்டிலிருந்து முட்டைக்கு

பள்ளிப் படிப்பு கிளிப்டன் கல்லூரியில். அங்கே ஹோம்யார்ட் என்ற இரசாயன ஆசிரியர் வாய்த்தார். பிறகு கேம்பிரிட்ஜில் சிட்னி சசக்ஸ் கல்லூரி. 1926-ல் முதல் வகுப்பில் தேறினார். எதில்? புவியியலில், அதாவது ஜியாலஜியில்!

முதலில் அவர் ஆராய எடுத்துக்கொண்டது அம்மோனைட் எனும் கல்லாகிப்போன கடல்வாழ் உயிரினங்களின் சுருள் ஓடுகளை. நமக்கு இது அன்னியமான சமாச்சாரம் இல்லை. அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால் காட்டு மண்ணிலேயே அம்மோனைட் கிடைக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததற்கு அத்தாட்சி. அந்தச் சுருள் எப்படி இவ்வளவு கணக்காக வளர்கிறது என்ற கேள்வி இருக்கிறதே, அது கல்லோடு நிற்காது. உயிருள்ள உடம்பு எப்படித் தன் வடிவத்தை அடைகிறது என்ற கேள்வியில் கொண்டுபோய் விடும். நண்பர் கிரிகரி பேட்சனின் பழக்கத்தால் மரபியலில் ஆர்வம் வந்தது. இருபதுகளின் முடிவில் அவர் கேம்பிரிட்ஜின் ஸ்டிரேஞ்ச்வேஸ் ஆய்வுக்கூடத்தில் ஹானர் பெல் அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தார். உயிருள்ள திசுக்களை உடலுக்கு வெளியே வளர்ப்பதில் அந்த அம்மையார் கைதேர்ந்தவர்.

அப்போது கருவியல் உலகில் ஒரே பேச்சு ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பெமானைப் பற்றித்தான். 1924-ல் அவரும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் ஒரு அதிசயத்தை வெளியிட்டிருந்தார்கள். நியூட் என்ற, பல்லி மாதிரி இருக்கும் நீர்நிலைப் பிராணியின் இளங்கருவில் ஒரு குறிப்பிட்ட இடத்துத் துணுக்கை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினால், அங்கே இரண்டாவதாக ஒரு முதுகுத் தண்டும் மூளையும் உருவாகிறது! ஒட்டிய துணுக்கு மட்டும் வளர்வதில்லை. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய அக்கம்பக்கத்துச் செல்களையும் அது நரம்பாக மாற்றிவிடுகிறது. இந்தத் துணுக்குக்கு ஆர்கனைசர் என்று பெயர். அமைப்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம். 1935-ல் ஸ்பெமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹில்டே மாங்கோல்ட் 1924-லேயே, தன் வேலையின் பெருமையைப் பார்க்காமலே, தீ விபத்தில் இறந்துபோனார்.

நியூட் முட்டை தண்ணீரில் கிடப்பது. எடுத்து வெட்டி ஒட்டுவது ஓரளவு சுலபம். கோழியில் முடியுமா? நம் வீட்டில் அடை வைக்கும் முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு நாள் கணக்கு. முதல் நாளிலேயே, மஞ்சள் கருவின் மேல் மெல்லிய தகடு மாதிரி பரவியிருக்கும் செல்களின் நடுவே ஒரு கோடு தோன்றும். அந்தத் தகட்டைக் கிழியாமல் எடுத்து, கடிகாரக் கண்ணாடி போன்ற சின்னக் கிண்ணத்தில், உறைந்த கோழி ரத்தத் திரவத்தின் மேல் வளர்த்தார் வாடிங்டன். ஒரு கருவின் கோட்டுத் துண்டை இன்னொரு கருவில் வைத்தார். அங்கேயும் இரண்டாவது நரம்புத் தண்டு எழும்பியது. ஆக, பறவைக்கும் அமைப்பாளர் உண்டு! வாத்துக் கருவின் துண்டைக் கோழியிலும், கோழியினுடையதை முயலிலும் வைத்துப் பார்த்தார். இனம் மாறினாலும் சமிக்ஞை புரிகிறது. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கெல்லாம் கரு நிலையில் பேசுகிற பாஷை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதற்கு அது நல்ல சாட்சி. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை.

பட்டனை அழுத்திய விரல் யாருடையது?

அடுத்த கேள்வி எல்லோருக்கும் தோன்றுவதுதான். அந்தத் துணுக்கிலிருந்து கசிகிற இரசாயனம் எது? 1932-ல் ஜெர்மானியர்கள் இன்னொரு வெடி வைத்தார்கள். கொன்றுபோட்ட அமைப்பாளர்த் துணுக்கும் வேலை செய்கிறது! அப்படியானால் அது ஒரு மருந்துச் சரக்குதான், பிரித்து எடுத்துவிடலாம் என்று போட்டி ஆரம்பமானது. வாடிங்டனும், ஜோசப் நீதம், டோரதி நீதம் தம்பதியும் களத்தில் இறங்கினார்கள். (பிற்காலத்தில் சீன விஞ்ஞான வரலாறு எழுதிப் புகழ்பெற்றாரே, அதே நீதம்தான்.)

வருஷக்கணக்கில் உழைத்தார்கள். விடை கிடைத்ததா? தேவைக்கு மேலேயே கிடைத்தது; அதுதான் சங்கடம். எதை வைத்தாலும் வேலை செய்தது. கடைசியில், உடம்பில் இல்லவே இல்லாத மெத்திலின் புளூ என்ற சாயத்தை வைத்தபோதும் நரம்புத் திசு உண்டானது. 1936-ல் அதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். மூன்று நான்கு வருஷ வேட்டை அத்தோடு முடிந்தது. நம்மில் பலருக்கு இப்படி நேர்ந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்போம்.

வாடிங்டன் அங்கேதான் வித்தியாசப்பட்டார். நம்ம பாஷையில் சொல்கிறேன். ஒரு மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பேனல் இருக்கிறது. பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும். பட்டனை என் விரல் அழுத்தினாலும் ஓடும், குச்சியால் குத்தினாலும் ஓடும், தவறிப்போய் யார் முழங்கை பட்டாலும் ஓடும். மோட்டார் ஏன் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரலை ஆராய்ந்து என்ன பிரயோஜனம்? பேனலைத் திறக்க வேண்டாமா? நரம்பாக மாறும் திறன் அந்தச் செல்களுக்குள்ளேயே தயாராக இருக்கிறது, ஏதோ ஒன்று அதை அடக்கி வைத்திருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். எந்த நேரத்தில் எந்தச் செல் எந்தச் சமிக்ஞைக்கு இணங்கும் என்பதைத் தகுதி என்ற பொருளில் ஒரு தனிச் சொல்லாலேயே குறித்தார். பேனலுக்குள் இருப்பது எது? மரபணுக்கள்!

இன்றைக்கு நமக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. கருவியல்காரர்கள் மரபியல்காரர்களோடு பேசிக்கொள்ளாத காலம் அது. கண் நிறத்தை வேண்டுமானால் மரபணு தீர்மானிக்கட்டும், முதுகெலும்பை அது என்ன செய்யும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வாடிங்டன் 1938-ல் அமெரிக்கா போய், கால்டெக்கில் மார்கன் அமைத்த குழுவில், பழ ஈயின் சிறகு உருவாவதில் மரபணுக்களின் பங்கை ஆராய்ந்தார். 1940-ல் அமைப்பாளர்களையும் மரபணுக்களையும் ஒரே தலைப்பில் இணைத்துப் புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகத்தின் முகப்பில் ஜான் பைப்பர் என்ற ஓவியர் வரைந்த படம் ஒன்று உண்டு. மலைகளுக்கு நடுவே ஒரு ஆறு. அந்த ஆற்றுக்குப் பிறகு வருகிறேன்.

பழுது பார்த்தால் பழுதாகும்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் முட்டையையும் ஈயையும் வைத்துவிட்டு, பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் ஆபரேஷனல் ரிசர்ச் குழுவில் சேர்ந்தார். ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அழிக்கும் விமானங்களை எப்படித் திறமையாகப் பயன்படுத்துவது என்று கணக்குப் போடுவது வேலை. 1944, 45-ல் அந்தப் பிரிவின் தளபதிக்கே விஞ்ஞான ஆலோசகர்.

நான் இந்த மனிதரை முதன்முதலில் சந்தித்தது இங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெயின்டனன்ஸ் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே வாடிங்டன் விளைவு என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். விமானங்களை இத்தனை மணி நேரம் பறந்ததும் கட்டாயமாக இறக்கிச் சோதிக்க வேண்டும் என்று விதி. அந்தக் குழு, திடீர்ப் பழுதுகளை எல்லாம் பறந்த மணி நேரத்துக்கு எதிராக வரைபடம் போட்டுப் பார்த்தது. சோதனை முடிந்த உடனே பழுது குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நேர்மாறாக இருந்தது! சோதனை முடிந்து வெளியே வந்தவுடன்தான் பழுது உச்சம். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. நன்றாக ஓடுவதைக் கழற்றி மாட்டினால் புதுத் தொந்தரவைச் சேர்க்கிறோம் என்று அர்த்தம். தேவையில்லாத சோதனைகளைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டியதும் விமானங்கள் அதிக நேரம் பறந்தன. இதையெல்லாம் போர் முடிந்த சூட்டோடு அவர் எழுதி வைத்தாலும், புத்தகமாக வெளிவந்தது 1973-ல்தான்.

நம் பக்கத்தில் எந்த ஆலையில் வேலை பார்த்தவருக்கும் இது தெரியும். ஆப் சீசனில் எல்லாவற்றையும் பிரித்துக் கோர்த்து, பூஜை போட்டு அரவை ஆரம்பித்தால், முதல் வாரம்தான் தூக்கமே இருக்காது! நானும் ஒரு முறை, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு கியர் பாக்ஸை அட்டவணை சொல்கிறது என்பதற்காகத் திறந்து, மூன்றாம் நாளே ஆயில் சீல் போய், ஒரு ராத்திரி முழுக்க ஆலையை நிறுத்தி வைத்தவன். தப்பு என்னுடையதுதான். ஆகவே மரியாதையோடு அவரைத் தேடிப் படித்தேன். படித்தால், ஆள் கரு விஞ்ஞானி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேடும் பள்ளமும்

போர் முடிந்ததும் 1947-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கு மரபியல் பேராசிரியர் பதவி. அதே ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். எபிஜெனிடிக்ஸ் என்ற சொல்லை அவர் 1942-லேயே உருவாக்கியிருந்தார். மரபணுக்கள் எப்படிச் செயல்பட்டு உடம்பை உருவாக்குகின்றன என்ற முழு விவகாரத்துக்கும் அவர் வைத்த பெயர் அது. இன்று அந்தச் சொல்லைக் குறுகிய பொருளில், டி.என்.ஏ. மேல் ஒட்டும் இரசாயனக் குறிகளுக்கே அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

1957-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில்தான் உலகப் புகழ் பெற்ற அந்தப் படம் இருக்கிறது. ஒரு மலைச்சரிவு. உச்சியில் ஒரு பந்து. கீழே சரியச் சரிய ஒரு பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிகிறது. பந்துதான் செல். ஒவ்வொரு பிரிவிலும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவாகிறது. கடைசியில் அடிவாரத்தில் எந்த ஓடையில் போய் நிற்கிறதோ அதுதான் விதி. தசை, நரம்பு, எலும்பு, தோல்.

நமக்கு இதைப் புத்தகத்தில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கல்வராயன் முகட்டில் மழை பெய்கிறது. ஒரு துளி வடக்கே சாய்ந்தால் தென்பெண்ணைக்குப் போய், கடலூர் பக்கம் கடலில் சேரும். ஒரு சாண் தள்ளிக் கிழக்கே விழுந்தால் கோமுகியிலோ மணிமுக்தாவிலோ இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கும். முகட்டில் லேசான காற்று போதும், துளி திசை மாற. ஓடைக்குள் இறங்கிவிட்டால்? புயலே அடித்தாலும் கரையைத் தாண்டி அடுத்த ஆற்றுக்குப் போகாது. சின்னச் சின்ன இடையூறு வந்தாலும் வளர்ச்சி தன் தடத்துக்கே திரும்பி வருவதை அவர் வாய்க்கால்படுதல் என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். நம்ம ஊர் விவசாயிக்கு விளக்கமே தேவைப்படாத சொல்!

அதே புத்தகத்தில் இன்னொரு படம் உண்டு. அந்தச் சரிவை அடியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? கல்யாணப் பந்தலைப் புரட்டிப் போட்ட மாதிரி. துணியை இழுத்துப் பிடிக்கும் கயிறுகள்; கயிறுகளைக் கட்டிய முளைகள். முளைதான் மரபணு. மேடும் பள்ளமும் எந்த ஒரு கயிற்றாலும் வந்ததில்லை. எல்லாம் சேர்ந்து இழுப்பதால் வந்தது. ஒரு கயிறு அறுந்தால் பெரும்பாலும் பந்தல் நிற்கும். சில கயிறுகள் அறுந்தால் மட்டும் ஒரு மூலை அப்படியே சாய்ந்துவிடும்.

அவருடைய வாழ்க்கையில் சர்ச்சையும் உண்டு. 1953-ல் பழ ஈயின் கூட்டுப்புழுக்களுக்குச் சூடு கொடுத்து, சிறகில் ஒரு குறுக்கு நரம்பு இல்லாமல் போனவற்றை மட்டும் பொறுக்கி இனவிருத்தி செய்தார். சில தலைமுறை போனதும், சூடே படாத ஈக்களிலும் அந்த நரம்பு காணாமல் போனது! வாழ்நாளில் பெற்ற குணம் பிள்ளைக்குப் போகும் என்ற பழைய லமார்க் வாதத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறார் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அவர் சொன்னது அதுவல்ல. ஏற்கெனவே மறைந்து கிடந்த மரபணு வேறுபாடுகளைச் சூடு வெளியே காட்டியது, பொறுக்கி எடுத்தது அவற்றைச் சேர்த்தது. அவ்வளவுதான். ஆனாலும் டி.என்.ஏ. அமைப்பு வெளிவந்த அதே 1953-க்குப் பிறகு, இளம் விஞ்ஞானிகள் கூட்டம் பாக்டீரியா பக்கம் ஓடியது. மலைச்சரிவுப் படத்தை அழகான கற்பனை என்று ஒதுக்கி வைத்தவர்கள் அதிகம். அதில் நியாயமும் இருந்தது. அளக்க முடியாத படம்தானே அது?

அவரிடம் படித்தவர்களில் நம் நாட்டவரும் உண்டு. லீலா முல்ஹெர்கர் ஐம்பதுகளில் எடின்பரோ சென்று அவரிடம் ஆராய்ச்சி செய்து, திரும்பி வந்து புனே பல்கலைக்கழகத்தில் கோழிக்கரு ஆராய்ச்சியை வேரூன்றச் செய்தார்.

படம் நிஜமானது

வாடிங்டன் 1975 செப்டம்பர் 26-ல் எடின்பரோவில் காலமானார். வயது 69. அதற்குப் பிறகுதான் பேனலைத் திறந்து பார்க்கும் கருவிகள் வந்தன.

1992-லும் 1994-லும் தவளைக் கருவில் நாகின், கார்டின் என்ற இரண்டு புரதங்கள் அகப்பட்டன. அமைப்பாளர் சுரப்பது இவற்றைத்தான். அவை நரம்பாக மாறு என்று கட்டளை இடுவதில்லை! தோலாக இரு என்று அக்கம்பக்கத்துச் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பி.எம்.பி. என்ற சமிக்ஞையைத் தடுக்கின்றன. தடை நீங்கியதும் செல் தானாகவே நரம்புப் பாதையில் போகிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பை விடுவித்த மாதிரி. கோழியில் இது மட்டும் போதாது, வேறு சில சமிக்ஞைகளும் தேவை. ஆனால் செல்லுக்குள்ளேயே திறன் அடங்கிக் கிடக்கிறது என்று அறுபது வருஷம் முன்பு அவர் யூகித்ததன் சாரம் சரியாகவே இருந்தது.

முதுகுத் தண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே மாதிரி முன்னோடிச் செல்கள். எல்லாவற்றுக்குள்ளும் ஒரே டி.என்.ஏ., மனிதனுக்கு ஏறக்குறைய 20,000 புரத மரபணுக்கள். அடியிலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் கசிந்து மேலே பரவுகிறது. அருகில் இருப்பவருக்கு அதிகம், தூரத்தில் இருப்பவருக்குக் கம்மி. அளவைப் பொறுத்து ஒரு செல்லில் என்கேஎக்ஸ் 2.2 என்ற மரபணு எழும்புகிறது, அடுத்ததில் ஒலிக் 2, அதற்கும் மேலே பாக்ஸ் 6. அக்கம்பக்கத்து மரபணுக்கள் ஒன்றை ஒன்று அணைக்கும். பார்வர்டு கான்டாக்டர் இழுத்திருக்கும்போது ரிவர்ஸ் கான்டாக்டர் இழுக்கக் கூடாது என்று இன்டர்லாக் போடுகிறோமே, அதே வேலை! அதனால்தான் மங்கலாகப் பரவிய சமிக்ஞையிலிருந்து கத்தரித்த மாதிரி எல்லைகள் உண்டாகின்றன. ஒலிக் 2 எழும்பிய வரிசையிலிருந்துதான் நம் கைகாலை அசைக்கும் நரம்புகள் பிறக்கின்றன.

சமிக்ஞை நின்ற பிறகும் செல் எப்படித் தன் முடிவை மறக்காமல் இருக்கிறது? அதற்கும் பேனலில் பதில் உண்டு. பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது ஏன்? கான்டாக்டரின் துணைத் தொடர்பு தன்னையே பிடித்துக்கொள்வதால். தசை செல்லில் மயோ-டி என்ற மரபணு இப்படித்தான் தன்னைத் தானே தூண்டிக்கொள்கிறது. 1987-ல் அதை வேறொரு வகைச் செல்லில் புகுத்தியபோது அதுவும் தசையாக மாறியது!

பந்தை மறுபடி உச்சிக்கு ஏற்ற முடியுமா? முடியும் என்று 1962-ல் தவளையில் காட்டினார் ஜான் கர்டன். 2006-ல் ஜப்பானின் யமனாகா வெறும் நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் சாதாரணச் செல்லைக் கருநிலைச் செல் போல ஆக்கினார். இருவருக்கும் 2012-ல் நோபல் பரிசு. 2018-ல் வரிக்குதிரை மீன், தவளைக் கருக்களின் ஆயிரமாயிரம் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்று படித்து, கிளை கிளையாகப் பிரியும் பாதைகளை வரைந்துவிட்டார்கள். கற்பனை என்று ஒதுக்கிய படத்தை இன்று அளக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். மனிதக் கருவில் முதுகுத் தண்டுக் குழாய் மூடிக்கொள்வது கரு தரித்த சுமார் 28-வது நாளுக்குள். பல பெண்களுக்கு, கர்ப்பம் என்று உறுதியாகத் தெரிவதற்குள்ளேயே அந்த நாள் கடந்துவிடும்! மூடாமல் போனால் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்கச் சிரமம். போலிக் அமிலம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது என்று 1991-ல் முடிவு வெளியான ஒரு பெரிய பரிசோதனை உறுதி செய்தது. ஆகவே புதிதாகக் கல்யாணமான தம்பி தங்கைகள், டாக்டரைக் கேட்டு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

மலையைப் பார்த்தவன்

அறைத் தோழன் கதைக்கு வருகிறேன். மூன்றாவது செமஸ்டரில் அவனுக்கு நாலு அரியர். எங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எழுதி வைக்கலடா என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினான். அன்றைக்கு அறையில் நாங்கள் மூன்று பேர். இன்னொருவனுக்கும் அரியர், அவனும் மலைப்பக்கம்தான். தோழனை மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை போய்க் கூட்டி வந்தோம். ஒரு டீ, ஒரு மணி நேரப் பேச்சு. அவ்வளவுதான் செய்தோம். அவன் அரியரை முடித்து, இன்று அரசுப் பணியில் இருக்கிறான். மகளைக் கூடவே வைத்துப் படிக்க வைக்கிறான். மற்றவன் அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். நாங்கள் பரீட்சை அவசரத்தில் இருந்தோம். அவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. இந்த மலரில் அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

மனிதன் செல் அல்ல. எந்த வயசிலும் மேலேறி வேறு பள்ளத்தாக்கில் இறங்கியவர்கள் நம்மிடையே உண்டு. கல்லிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து விமானத்துக்கும் மாறிய வாடிங்டனே அதற்குச் சாட்சி. ஆனாலும் முகட்டில் இருக்கும்போது ஒரு விரல் தள்ளினால் நடக்கிற காரியத்துக்கு, பள்ளத்தில் இறங்கிய பிறகு ஒரு ஜே.சி.பி. வேண்டியிருக்கிறது. இது மட்டும் உண்மை.

நாலு வயசில் மலையிலிருந்து அனுப்பப்பட்ட அந்தப் பையனுக்கு ஒரு மருந்துக்கடைத் தாத்தா கிடைத்தார். நம் ஹாஸ்டலில் இந்த வருஷமும் முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் மேற்கே பார்த்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். சங்கமம் அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும், குரூப் போட்டோவுக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தேடிப் போய், பேர் கேட்டு, போன் நம்பர் கொடுத்துவிட்டு வருவோமா? நான் மாடிக்குப் போகப் போகிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்.